எக்செல் சக்கரத்தில் சிக்கிய குதிகால்

டொராண்டோவிலிருந்து ஐந்து வார லீவில் பொள்ளாச்சி போனோம். மூன்று வாரம் கோவை ஆஸ்பத்திரியில் போயிற்று. என் ஆறு வயது மகன் அப்பிச்சியின் (அவன் அம்மாவின் அப்பா) டிவிஎஸ் எக்செல் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து பன் வாங்கப் போனவன், குதிகாலை ஸ்போக்ஸுக்குள் விட்டுவிட்டான்.

பக்கத்துக் கிளினிக்கில் "சின்னக் காயந்தானுங்க" என்று ஏழு தையல் போட்டு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தால் தோல் கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. கோவையில் பிளாஸ்டிக் சர்ஜன் பார்த்ததுமே சொன்னார்: ஸ்போக்ஸ் தோலைக் கிழிப்பதோடு நசுக்கியும் விடும், நசுங்கிய தோல் சாக இரண்டு மூன்று நாள் ஆகும், இழுத்துத் தைத்தால் சீக்கிரமே போய்விடும்.

செத்த சதையை எடுத்ததும் குதிநாண், அதாவது கெண்டைத் தசையைக் குதிகாலோடு இணைக்கும் நாண், வெளியே தெரிந்தது. வெறும் நாணின்மேல் ஒட்டுத்தோல் பிடிக்காது. அதனால் தொடையிலிருந்து தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து, கணுக்கால் குழாயோடு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைத்தார்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குழாய், தலைமுடியைவிட மெல்லிய நூல். "பிள்ளைகளுக்குக் குழாய் சின்னதுங்க, ஆனா சிகரெட் படாத சுத்தமான குழாய்" என்றார்.

அதன்பின் ராத்திரிகள்தான் பெரும்பாடு. குளிர்ந்தால் குழாய் சுருங்குமென்று ஏசி கிடையாது. மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து, "கண்ணு, அசையாதே சாமி" என்று ஒட்டிய தோலை விரலால் அமுக்கி நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார். பேனா மாதிரிக் கருவியை வைத்தால் புஸ், புஸ் என்று ரத்தம் ஓடும் சத்தம். வெளுத்தால் உள்ளே போகிற ரத்தம் நிற்கிறது. கருநீலமானால் திரும்புகிற ரத்தம் தேங்குகிறது. இரண்டாம் ராத்திரி இரண்டு மணிக்குக் கருநீலம். அரை மணிக்குள் மறுபடி தியேட்டர். ரத்தக்கட்டியை எடுத்துத் தைத்து, விடிவதற்குள் நிறம் வந்துவிட்டது. டொராண்டோ எமர்ஜென்சியில் ஆறு மணி நேரம் காத்துக்கிடந்தவன் நான்.

குறையும் உண்டு. ஒவ்வொரு மருந்துச் சீட்டுக்கும் நாமே பார்மசிக்கு ஓட வேண்டும், கூட இருக்க பாஸ் ஒருவருக்குத்தான்.

இன்னொன்று. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், வெளிநாட்டவர் ஆனாலும். பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியாக இருக்க வேண்டும். எங்களுக்கு அந்த நேரம் கிளினிக் கட்டோடு போய்விட்டது.

இப்போது நடக்கிறான். ஒட்டு பன் மாதிரி உப்பியிருக்கிறது, பிறகு மெலிதாக்குவார்களாம். அங்கே உணர்ச்சி குறைவு என்பதால் தினமும் படுக்குமுன் கொப்புளம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஷூ இரண்டு ஜோடியாக வாங்குகிறோம்: இடது காலுக்கு அவனுடைய சைஸ், ஒட்டு இருக்கும் வலதுக்கு அதைவிட இரண்டு சைஸ் கூட.