கஞ்சா சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை: வாங்கும் முன்

பயன்படுத்துவது சுலபம். அம்புக்குறியைத் தாண்டாமல் 10–15 விநாடி சிறுநீரில் நனைத்து, சமதளத்தில் கிடத்தி, 5 நிமிடத்தில் பார்க்க வேண்டும். படிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கர்ப்பப் பரிசோதனைக்கு நேர்மாறு இது: சி (பட்டை வேலை செய்கிறதா என்று காட்டும் கோடு), டி (சோதனைக் கோடு) இரண்டும் வந்தால் ‘இல்லை’. டி கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ‘இல்லை’தான். சி மட்டும் வந்தால் ‘இருக்கலாம்’. சி வராவிட்டால் பட்டையே கெட்டது.

‘இருக்கலாம்’ என்று காட்டுவதற்கான வழக்கமான வரம்பு மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம். பட்டை தேடுவது கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியை அல்ல, உடல் அதை உடைத்தபின் மிஞ்சும் பொருளை. எப்போதாவது புகைத்தவரிடம் சில நாள், தினமும் புகைப்பவரிடம் வாரக்கணக்கில் அது தெரியும். ஆகவே இப்போது போதையில் இருக்கிறாரா, அடிமையா என்பதெல்லாம் இதில் தெரியாது. ஒற்றைக் கோட்டை வைத்து ‘கஞ்சா கேஸ்’ என்று முத்திரை குத்துவது அநியாயம். எச்ஐவி மருந்தான எஃபாவிரென்ஸ்கூடச் சில பட்டைகளை ஏமாற்றும். ஆய்வகத்தில் ஜிசி-எம்எஸ் சோதனை (பொருள்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் அடையாளம் காணும் முறை) செய்து உறுதிப்படுத்துங்கள்.

பெரிய ஓட்டை வேறு. கள்ளச்சந்தையில் இலைத்தூள்மேல் தெளித்து விற்கும் செயற்கைக் கன்னாபினாய்டுகள் (கஞ்சா போலப் போதை தரும் செயற்கை வேதிப்பொருள்கள்) கஞ்சாவைவிட ஆபத்தானவை. அவை இந்தப் பட்டையில் சிக்காது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும்.

சோதிக்கும்போது மட்டும் உறையைப் பிரியுங்கள், ஈரம் பட்டால் பட்டை வீண்.