பங்கோர்த் துறையில் இடுப்பளவு உயரம்

மலேசியாவில் ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து, பதினெட்டு ஆண்டுகளாகச் சிட்னியில் வாழும் நான், இந்த மாசி மகத்துக்கு எழுபத்தாறு வயது அம்மாவைப் பங்கோர்த் தீவின் பத்திரகாளியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனேன். கரையிலுள்ள லுமுட் துறையில் படகேறியதிலும் கால் மணி நேரக் கடல் பயணத்திலும் குறையொன்றும் இல்லை. தீவில் இறங்கிய சில நிமிடங்கள்தான் இன்னும் நெஞ்சை அறுக்கின்றன.

அப்போது நண்பகல், கடல் நன்றாக வற்றியிருந்தது. படகின் விளிம்புக்கு மேல் துறையின் சிமெண்டுத் தளம் இடுப்பளவு உயரத்தில் நின்றது, இடையிலிருந்த ஒரே படியில் பாசி படர்ந்திருந்தது. ரப்பர் மரத்திலும் பிறகு செம்பனை என்னும் எண்ணெய்ப் பனைக் காட்டிலும் உழைத்துத் தேய்ந்த முழங்கால்களோடு அம்மா அதை அண்ணாந்து பார்த்து அசையாமல் நின்றுவிட்டார். பின்னால் பால்குடத்தோடு வந்தவர்கள் காத்திருந்தார்கள். படகில் வேலை செய்த மலாய் இளைஞர், "பெலான் பெலான் (மெதுவாக, மெதுவாக), ஆன்ட்டி" என்று மேலிருந்து கையைப் பிடிக்க, நான் கீழிருந்து தாங்க, ஒருவழியாக ஏறினார். ஏறியதும், "எல்லாருக்கும் பாரமாப் போயிட்டேனே, தம்பி" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

மாசி மகம் பௌர்ணமியை ஒட்டி வருவது. அந்நாள்களில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் கடல் மிக உயரமாக ஏறி, மிக ஆழமாக வற்றும். ஆகவே தோட்டத்துக் கிழவிகள் மிகுதியாக வரும் நாளிலேயே அந்தப் படியும் மிக உயரமாகிவிடுகிறது. இது ஆண்டுதோறும் முன்கூட்டியே தெரிந்த செய்தி. சிட்னியில் பல சிறு துறைகளில் மிதவை மேடை இருக்கிறது. அது நீரோடு ஏறி இறங்குவதால் சக்கர நாற்காலியில் வருபவரும் தடையின்றிப் படகேறுகிறார்.

நாங்கள் லாரியில் லுமுட் வந்த காலத்திலும் துறை இப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்று லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பாதிப்பேர் உடன் வருவார்கள், மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) மாமா ஒருவரே நான்கு பாட்டிகளைத் தூக்கி ஏற்றிவிடுவார். இன்று லயங்கள் காலியாகி, பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் என்னைப் போலக் கடல் தாண்டியும் போய்விட்ட பிறகு, முதியவர்கள் தனியாக வருகிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் வரியில்லாத் தீவாக ஆக்கப்பட்ட பங்கோரில் சாக்லேட் வாங்கிப் பை நிரப்ப வருபவர்களுக்குக் கடைகள் இருக்கின்றன. அந்தத் தளத்துக்கு ஒரு கைப்பிடிக் கம்பிகூட இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

திரும்பும்போது அம்மா உடனே படகேற மறுத்து, கடலைப் பார்த்த கோயில் வாசலில் மாலை ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தார். அதற்குள் நீர் ஏறி, படகு தளத்தோடு சமமாக நின்றது. என் கையை விலக்கிவிட்டு, அவரே காலெடுத்து வைத்து ஏறினார்.

துறையைப் பராமரிப்பவர்களுக்கு மறுநாளே கடிதம் எழுதி, அடுத்த மாசி மகத்தன்று கடல் வற்றும் நேரத்தையும் அதில் குறித்து அனுப்பியிருக்கிறேன்.