மச்சானின் டெல்சோலும் மருதானைச் சந்து கராஜும்

இந்த முறை ரொறன்ரோவிலிருந்து போனபோது, கொழும்பில் மச்சானின் காரை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போவதென்றுதான் திட்டம். அவரிடம் இருப்பது 1993 ஹொண்டா சிஆர்-எக்ஸ் டெல்சோல், எஸ்ஐஆர் ரகம், பி16ஏ என்ற இன்ஜின். கூரையைக் கழற்றி டிக்கிக்குள் வைத்துவிட்டுக் காற்றோடு போகலாம். வெள்ளவத்தையில் காலி வீதியில் ஒருக்கா ஓட்டிப் பார்த்தேன். 40ஐத் தாண்டியதும் ஸ்பீடோமீற்றர் முள் நடுங்கியது, இரண்டு தரம் துள்ளியது, பிறகு பூச்சியத்தில் விழுந்துவிட்டது. ஏ9 வீதியில் குடிமனைக்குள் 50, வெளியே 70 என்று பொலிஸ் ரேடாரோடு நிற்கும்போது மீற்றர் இல்லாமல் போக எனக்கு மனமில்லை.

முதலில் போன கராஜில் பொனட்டையே திறக்கவில்லை. "மீற்றர் போட்டுது, முழுசா மாத்தவேணும்" என்று 65,000 ரூபா சொன்னார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது, அதற்குள் பழைய ஜப்பான் கார்களின் சாமான் விலை எங்கேயோ போய்விட்டது, அதனால் மச்சான் அந்தக் காசுக்கும் தலையாட்டத் தயாராக இருந்தார். நான்தான் விடவில்லை. முள்ளோடு சேர்ந்து கிலோமீற்றர் எண்களும் நின்றிருந்தன, செக் என்ஜின் லைற் எரிந்தது, நிமிடத்துக்கு 5,500 சுற்றுக்கு மேல் வரவேண்டிய வீடெக் (இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது வால்வுகளைக் கூடுதலாகத் திறந்து சக்தி கூட்டும் அமைப்பு) இழுவையும் சத்தமும் வரவேயில்லை. மீற்றர் மட்டும் பழுதென்றால் இன்ஜினுக்கு என்ன வந்தது?

பஞ்சிகாவத்தையில் ஒரு சாமான் கடைக்காரர் கைகாட்டி, மருதானைச் சந்து ஒன்றுக்குள் இருந்த சின்ன கராஜுக்குப் போனோம். அங்கிருந்த மெக்கானிக் பாஸ் ஹட்டன் பக்கத்துக்காரர். கதையை முழுதாகக் கேட்டுவிட்டு, டாஷுக்குக் கீழே இருந்த சர்வீஸ் பிளக்கின் இரண்டு பின்களையும் சின்ன வயர்த் துண்டால் இணைத்து, சாவியைத் திருப்பினார். செக் என்ஜின் லைற் ஒரு தரம் நீளமாகவும் ஏழு தரம் குறுக்கமாகவும் மின்னியது. இன்ஜினை நடத்தும் கணினியான ஈசியூ பழுது எண்ணைச் சொல்லும் விதம் அது: நீளம் பத்து, குறுக்கம் ஒன்று.

"பதினேழுண்ணே. ஈசியூவுக்கே வேகம் தெரியல. அப்புறம் மீட்டர்ல என்ன குத்தம்?"

இந்த ஹொண்டாக்களில் வேக சென்சர் கியர்பொக்ஸின் மேல், இன்ஜின் அறையின் பின்சுவர்ப் பக்கமாக இருக்கிறது. மூன்று வயர்: ஒன்றில் 12 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். அந்த ஒரே சிக்னல்தான் மீற்றருக்கும் ஈசியூவுக்கும் போகிறது. வேகம் தெரியாவிட்டால் ஈசியூ வீடெக்கைத் திறக்காது. முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, நியூட்ரலில் போட்டு, ஒரு சில்லை என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு மற்றதை அவர் மெதுவாகச் சுற்றினார். சிக்னல் வயரில் மல்டிமீற்றர் பூச்சியத்துக்கும் ஐந்து வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறி வரவேண்டும். அது ஐந்திலேயே நின்றது. 12 வோல்ட் வந்தது, எர்த்தும் சரி. சென்சர்தான்.

கழற்றினால் பிளக்கெல்லாம் எண்ணெய், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஓ-ரிங் ரப்பர் வளையம் கல்லுப்போல் இறுகியிருந்தது. புதிதாக வாங்கச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் மூடியை நெம்பித் திறந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை என் கையில் தந்தார். உள்ளே இருந்த பச்சைச் சர்க்கிட் தகட்டில் ஒரு பின்னைச் சுற்றி, தலைமயிர் அளவில் வட்டமாக ஒரு வெடிப்பு. முப்பது வருடச் சூட்டிலும் அதிர்விலும் ஈயப்பற்று விட்டுப்போயிருந்தது. தொட்டும் தொடாமலும் இருந்ததால்தான் முள் முதலில் துள்ளியிருக்கிறது. மூன்று பின்களுக்கும் பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்து, மூடியை ஒட்டி, புது ஓ-ரிங் போட்டார். பூட்டமுன் சென்சரின் பற்சக்கரத்தைக் கையால் சுற்றிக் காட்டினார்: பூச்சியம், ஐந்து, பூச்சியம், ஐந்து. எனக்கு உண்மையாகவே கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

எல்லாமாக இரண்டரை மணித்தியாலம், 6,500 ரூபா. காசு வாங்கமுன் தானே பக்கத்தில் ஏறி வந்து, போன் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தார்: மீற்றரில் 60 காட்டும்போது போனில் 57. அது வழமையான வித்தியாசம்தான்.

மறுநாள் விடிய வெளிக்கிட்டோம். வவுனியா தாண்டி ஒரு தரம் மறித்தார்கள், பத்திரங்களைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள், வேகம் பற்றிப் பேச்சே இல்லை. கொழும்பு திரும்பியதும் சென்சரின் அடியைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணியில் எண்ணெய் படவில்லை.