பிக் இஷ்யூ: அட்டை அபாரம், இணையதளம் பரவாயில்லை

ஊடகக் கோட்பாடுகளை வைத்து அட்டை வடிவமைக்கப் பழகுகிறவர்கள் ஒரே ஒரு பத்திரிகையைப் பிரித்துப் பார்க்கலாம் என்றால், 1991-ல் லண்டனில் தொடங்கிய பிக் இஷ்யூவைத்தான் சொல்வேன். வீடில்லாதவர்களும் வறுமையில் தவிப்பவர்களும் இதைப் பாதி விலைக்கு வாங்கித் தெருவில் நின்று முழு விலைக்கு விற்கிறார்கள், அதனால் அவசரமாக நடந்து போகிறவரின் ஒரு பார்வைக்குள் அட்டை தன் வேலையை முடித்தாக வேண்டும். பரிதாப முகத்தைப் போட்டால் சுலபமாக விற்றுவிடலாம், ஆனால் பெரும்பாலும் நடிகர், பாடகர், அரசியல் நையாண்டி என்றுதான் போடுகிறார்கள். இரக்கப்பட்டு வாங்காதே, படிக்க வாங்கு என்பதுதான் அதன் செய்தி. ஊடக ஆய்வாளர் ஸ்டுவர்ட் ஹால் மொழியில் இது பத்திரிகை விரும்பும் வாசிப்பு, அதாவது வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தயாரித்தவர்கள் நினைக்கும் பொருள். சிலர் அப்படியும் அதைப் பிச்சையாகவே பார்த்துவிட்டுப் போவார்கள், சரி, வாசகர் எதிர்த்தும் வாசிப்பார் என்று ஹாலே சொல்லியிருக்கிறாரே!

இணையதளத்தில் எதிரே நின்று சிரிக்கும் விற்பனையாளர் கிடையாது. செய்தி, பொழுதுபோக்கு என்று ஊடக ஆய்வாளர்களான பிளம்லரும் காட்ஸும் சொன்ன வாசகர் தேவைகளுக்குத் தீனி இருக்கிறது, ஆனால் அதை எந்தச் செய்தித்தளமும் தரும். விற்பவர்களின் கதைகளை முகப்பில் பெரிதாக வைக்கலாம் என்பேன். பிரிட்டனில் இருந்தால் சந்தாவைவிடத் தெருவிலேயே வாங்குங்கள்.