ஆயுதப் புத்தகத்துக்கு முன்பணம் கட்டி ஏமாந்தோம், நீங்களாவது கேட்டுவிட்டுக் கட்டுங்கள்

மயிலாடுதுறையில் நாங்கள் நாலு பேர் ஞாயிறுதோறும் மொட்டை மாடியில் ரோல்பிளேயிங் கேம், அதாவது ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை நகர்த்தும் ஆட்டம், ஆடுகிறோம். நான் கேம் மாஸ்டர், கதையை நடத்துகிறவன். 1782 பிப்ரவரியில் கொள்ளிடக் கரையில் ஆங்கிலேயக் கர்னல் பிரெய்த்வைட்டின் படையைத் திப்பு தோற்கடித்தார் அல்லவா, அதுவரை எல்லாம் நடந்தது நடந்தபடியே. அந்த டிசம்பரில் இறந்திருக்க வேண்டிய திப்புவின் தந்தை ஹைதர் அலி, எங்கள் கதையில் பிழைத்துக்கொள்கிறார். ஆட்டம் 1784இல் தொடங்குகிறது.

இதற்காகவே ஒருவர் புத்தகம் தயாரித்துத் தருவதாக விளம்பரம் பார்த்தோம். 'காவிரிப் படுகைப் போர்கள், ஒவ்வொரு ஆயுதமும் அருங்காட்சியகப் படங்களோடு சரிபார்த்தது' என்று போட்டிருந்தார். ஆளுக்கு 450 போட்டு 1800 ரூபாய் ஜிபே செய்தோம். மூன்று வாரம் என்றார், நாலு மாதம் ஆனது.

பிரித்ததுமே வயிற்றைக் கலக்கியது. மைசூர் சிப்பாய் கையில் இருந்த துப்பாக்கியின் குதிரையில் (சுடும்போது அடிக்கும் சுத்தியலில்) சக்கிமுக்கிக் கல்லே இல்லை. கல்லைப் பிடிக்கும் வாயும் இல்லை, வெடிமருந்து போடும் கிண்ணமும் இல்லை. நன்றாக உற்றுப் பார்த்தால் அது 1853 மாடல் என்ஃபீல்டு, கேப் (அடித்தால் தீப்பற்றும் சின்ன உலோகத் தொப்பி) வைத்துச் சுடுவது. எங்கள் ஆட்டத்துக்கு எழுபது வருடம் பிந்தியது! மழை விதி ஒன்றுகூட இல்லாததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். கல் துப்பாக்கியில் கிண்ணத்து மருந்து நனைந்தால் சுடாது. ஐப்பசி அடைமழையில் டெல்டாவில் சண்டை போடுகிறவனுக்கு அதைவிடப் பெரிய கவலை என்ன இருக்க முடியும்?

ராக்கெட்டும் அப்படித்தான். தீபாவளி வாணம் போலக் காகிதக் குழாய் வரைந்திருக்கிறார். மைசூர் ராக்கெட்டின் உயிரே அதன் இரும்புக் குழாய்தான். மருந்தை இறுக்கி அடைக்கலாம், அழுத்தம் தாங்கும், அதனால் தூரம் போகும். 2018இல் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கு மேல் எடுத்தார்கள், அத்தனையும் இரும்பு.

என்னால் தாங்கவே முடியாதது தஞ்சாவூர் பீரங்கி. வெண்கலத்தில் வார்த்தது, எட்டு மாடு இழுக்கும் என்று அட்டவணையில் போட்டிருக்கிறார். கீழவாசல் பீரங்கி மேட்டுக்கு ஒரு தடவை போயிருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். நாங்கள் அடுத்த ஞாயிறே போய்ப் பார்த்தோம். நீளப் பட்டைகளைச் சேர்த்து, மேலே வளையம் வளையமாகப் பூட்டி அடித்த இரும்பு. வளையங்கள் சேரும் இடத்தில் விரலை வைத்தால் தட்டுப்படும். சுமார் 26 அடி நீளம், 22 டன் எடை. எங்களில் ஒருவர் வீட்டில் நெல் வண்டி ஓட்டியவர்கள். "அண்ணே, இதை எட்டு மாட்டை வச்சு அசைக்கக்கூட முடியாது, அதுவும் நம்ம ஊர்ச் சேத்துல" என்றார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "மாற்று வரலாறுதானே சார், எதை வேணும்னாலும் வைக்கலாமே" என்றார். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கதை நிஜ வரலாற்றிலிருந்து பிரிகிற வருடத்துக்கு முன்னால் இருப்பதில் கை வைக்கக்கூடாது, அதற்குப் பின்னால் மாறுவதற்குக் காரணம் வேண்டும். கேப் துப்பாக்கிக்கு வழி திறந்தது ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை வாங்கிய, அடித்துப் பற்றவைக்கும் முறை. அது 1784இல் மைசூருக்கு எப்படி வந்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட ஆட்டத்தில் சேர்த்திருப்பேன். அப்புறம் அவர் பதில் போடவில்லை, நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்.

இப்போது அவரே வேறு பெயரில் சோழர் கடற்படைப் புத்தகம் என்று முன்பணம் வாங்குகிறார். அட்டைப் படத்தில் ராஜேந்திரன் கப்பலில் பீரங்கி நிற்கிறது. உங்களுக்கு அந்த விளம்பரம் வந்தால், ஏதாவது ஓர் ஆயுதத்தின் முழுப் பக்கத்தை அனுப்பச் சொல்லுங்கள். எந்த வருடத்துப் பொருள், எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராமல் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.