பழைய பீட்டில் எஞ்சினுக்கு வயது கணித்துக் கொடுத்த பட்டறை

என்னுடைய 1968ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்காக வாங்கிய தனி எஞ்சின் ஒன்றை, ஜெர்மனியின் டோர்ட்முண்டுக்கு அருகே உள்ள சிறிய பட்டறை ஒன்றில் கொடுத்து, அது எந்தக் காலத்தது, எந்த வகை என்று கண்டறிந்து எழுத்தில் தரும்படி கேட்டிருந்தேன். காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வாகன் எஞ்சின்களை மட்டுமே கையாளும் இடம் அது. எஞ்சினை விற்றவர் ரசீதில் '1974, 1600 சி.சி., ஏஎஸ் வகை' என்று எழுதியிருந்தார். அதற்கு அவர் காட்டிய ஒரே சான்று, கிராங்க்கேஸின் (எஞ்சினின் முதன்மைத் தண்டைத் தாங்கும் வெளிக்கூடு) மேல் புடைத்து நின்ற 'ஏஎஸ்41' என்ற எழுத்துகள்தான்.

அந்தச் சான்று ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஏஎஸ்41 என்பது கிராங்க்கேஸை வார்க்கப் பயன்பட்ட மக்னீசியக் கலவையின் பெயரே தவிர, எஞ்சினின் வகைக் குறியீடு அன்று. வகைக் குறியீடும் எண்ணும் வார்ப்பில் வருபவை அல்ல. டைனமோ தாங்கியின் அடியில், கிராங்க்கேஸின் மேல் அச்சடித்துப் பொறிக்கப்பட்டவை. பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தபோது அங்கே தெரிந்தது 'ஏபி'. அதாவது 1970 ஆகஸ்டு முதல் தயாரான 1300 சி.சி. வகை.

பலர் இதோடு முடித்துக்கொண்டு பணம் வாங்கிவிடுவார்கள். இப்பட்டறையை நான் மெச்சுவது, எண் சொல்வது கிராங்க்கேஸின் பிறப்பை மட்டுமே, அதைச் சுற்றிப் பூட்டியிருப்பவற்றின் பிறப்பை அன்று என்று எடுத்துக்கொண்டு மேலும் பார்த்ததற்காக. சிலிண்டர்களை மூடும் ஒவ்வொரு ஹெட்டிலும் இரண்டு உள்ளிழுப்புத் துளைகள், மூன்று துண்டாக அமைந்த இன்டேக் மேனிஃபோல்ட் (எரிபொருள் கலந்த காற்றை உள்ளே கொண்டுசெல்லும் குழாய்), மூன்றாம் சிலிண்டருக்குச் செல்லும் காற்றை மறைக்காதபடி இடம் தள்ளி வைக்கப்பட்ட ஆயில் கூலர் ஆகிய எல்லாமே 1971 மாடலோடு ஒத்துப்போயின. ஃபிளைவீலில் (எஞ்சின் தண்டின் முனையில் உள்ள பல்சக்கரம்) 130 பற்கள் இருந்ததால், 109 பற்கள் கொண்ட பழைய 6 வோல்ட் மின்னமைப்புக் காலத்துப் பொருள் கலந்திருக்கவில்லை என்பதும் தெளிவாயிற்று. (டைனமோ தாங்கி கிராங்க்கேஸோடு ஒன்றாக வார்க்கப்பட்ட 30 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றும் அங்கே அலமாரியில் இருந்தது, அந்த வகையை மட்டும் எண் பார்க்காமலே அடையாளம் சொல்லிவிடலாம்.)

ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியில் தெரியாது. 1500க்கும் 1600க்கும் உரிய சிலிண்டர்கள் கிராங்க்கேஸின் ஒரே அளவுத் துளையில் பொருந்துவதால், 'எச்' குறியீடுள்ள 1500 எஞ்சினில் யாரேனும் 1600 சிலிண்டர்களை மாட்டியிருந்தால் கண்ணுக்குப் புலப்படாது. 1300இன் துளை சிறியது. அதைக் கடைந்து பெரிதாக்கியிருந்தால்தான் அப்படி மாற்ற முடியும். எனவே ஒரு பக்கத்து ஹெட்டைக் கழற்றி அளந்தார்கள். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 77 மில்லிமீட்டர். 69 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கோடு (பிஸ்டன் நகரும் தூரம்) நான்கு சிலிண்டருக்கும் கணக்கிட்டால் 1285 சி.சி. வருகிறது. 1600ஆக இருந்திருந்தால் போர் 85.5 இருந்திருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்ன அறிக்கை மூன்று வாரம் கழித்தே வந்தது. அதில் எண் பொறித்த இடத்தின் படம் மங்கலாக இருந்ததால், நானே மீண்டும் போய் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. ஹெட்டைக் கழற்றுவதற்குத் தனிக் கட்டணம் என்பதை வேலை தொடங்கும் முன்பே சொல்லியிருக்கலாம். ஆயினும் மொத்தமாகக் கொடுத்த 180 யூரோ எனக்கு உறுத்தவில்லை. அந்த அறிக்கையைக் காட்டித்தான் விற்றவரிடமிருந்து விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றேன்.

காரில் முன்பு இருந்த 1500 எஞ்சினும் 44 குதிரைத்திறன்தான், இந்த 1300உம் 44தான். ஆனால் கொள்ளளவு சிறிது என்பதால் ஏற்றத்தில் இழுவை சற்றுக் குறையும் என்பது தெரிந்தே இதையே பூட்டச் சொல்லியிருக்கிறேன்.