ஹெயின்கெல் 111-ஆ, டோர்னியர் 17-ஆ?

1940-இல் இங்கிலாந்து வானில் எடுத்த மங்கலான படம். இரட்டை எஞ்சின், ஜெர்மன் குண்டுவீச்சு விமானம் என்பது வரை சரி. அப்புறம்தான் குழப்பம்.

வால்: ஹெயின்கெலுக்குச் செங்குத்தாக ஒன்று, டோர்னியருக்கு இரண்டு.
இறக்கை: ஹெயின்கெலுக்கு உடலின் அடியில், டோர்னியருக்குத் தோள் உயரத்தில்.
உடல்: டோர்னியர் ஒல்லி, பட்டப்பெயரே ‘பறக்கும் பென்சில்’. ஆனால் 17இசட் ரகத்தின் தலை மட்டும் புடைத்திருக்கும்.
மூக்கு: ஹெயின்கெலில் முழுக்கக் கண்ணாடி, நுனி சற்றே ஒருபக்கம் ஒதுங்கியது. இந்தக் கோணல் வேறெதிலும் எளிதில் சிக்காது.

பக்கவாட்டுப் படத்தில் வாலை நம்பாதீர்கள். டோர்னியரின் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிடும். அங்கே எஞ்சினைப் பாருங்கள்: 17இசட்டில் முகப்பு வட்டம். மேலிருந்து எடுத்ததா? 1940 செப்டம்பர் 7 அன்று லண்டன் மேல் பறந்த ஹெயின்கெலின் புகழ்பெற்ற படம்போல, பின்விளிம்பு வளைந்த இறக்கை தெரிந்தால் ஹெயின்கெல்தான்.